மலாயா போலீஸ் மெடல்கள்: வாங்குகிறவர்களும் ஆராய்கிறவர்களும் செய்யும் தவறுகள்

1948 ஜூன் 16 அன்று பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் மூன்று ஐரோப்பியத் தோட்ட நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதைத் தொடர்ந்து மலாயாவில் அவசரகாலம் வந்தது: கம்யூனிஸ்ட் கெரில்லாக்களோடு பிரிட்டிஷ் அரசு நடத்திய போர். 1960 ஜூலை 31 வரை நீடித்தது. அந்தப் போரை பிரிட்டிஷ், கூர்க்கா பட்டாளங்களின் கதையாகவே பலரும் படித்திருக்கிறோம். ரப்பர் தோட்டத்து வாசலிலும் ஈயச் சுரங்கத்து முள்வேலி ஓரத்திலும் துப்பாக்கியோடு நின்றவர்கள் மலாயா போலீஸ்காரர்களும் அவசரமாகச் சேர்க்கப்பட்ட ஸ்பெஷல் கான்ஸ்டபிள்களும்தான். பெரும்பாலோர் மலாய்க்காரர்கள். தமிழர்களும் அதில் இருந்தார்கள்.

அவர்களுக்குக் கிடைத்தது ஜெனரல் சர்வீஸ் மெடல்: 36 மில்லிமீட்டர் வெள்ளி வட்டம், ஊதா நிற ரிப்பனின் நடுவில் பச்சைக் கோடு, அதன் மேல் 'மலாயா' என்று பொறித்த சிறு பட்டை. 1969-க்குப் பிறகு வேலை அனுமதிச் சிக்கலால் மலேசியாவை விட்டுத் தமிழ்நாட்டுக்குத் திரும்பிய குடும்பங்களின் டிரங்குப் பெட்டிகளிலும் இப்படி ஒன்று கிடக்கலாம். கடையில் வாங்கினாலும் தாத்தாவின் பெட்டியில் எடுத்தாலும், அதைக் கையாள்வதில் திரும்பத் திரும்ப நடக்கும் தவறுகள் சில உண்டு.

முதல் தவறு, முகத்தைப் பார்த்துவிட்டு விளிம்பைப் பார்க்காமல் விடுவது. ராஜா தலையும் ராணி தலையும் எல்லா மெடலிலும் ஒன்றுதான். அந்த ஆள் யார் என்பது விளிம்பில்தான் இருக்கிறது: பதவி, எண், பெயர், படையின் சுருக்கப் பெயர். நல்ல வெளிச்சத்தில், பக்கவாட்டில் சாய்த்து, லென்ஸ் வைத்து முழுச் சுற்றையும் படியுங்கள். படித்ததை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். எழுத்துப்பிழை என்று தோன்றினாலும் திருத்த வேண்டாம். அந்தப் பிழைதான் பிறகு பழைய பட்டியலில் அவரைக் கண்டுபிடிக்க உதவும்.

தலையை வைத்துச் சேவை செய்த ஆண்டைக் கணிப்பதும் கூடாது. எலிசபெத் ராணியின் உருவம் இருந்தால் மெடல் 1952-க்குப் பின் அடிக்கப்பட்டது என்று மட்டுமே சொல்லலாம். அதைப் பெற்ற காவலர் 1949-லேயே தோட்டக் காவலில் நின்றிருக்கலாம்.

அடுத்தது பெயர் மாற்றப்பட்ட மெடலை நம்பி வாங்குவது. பழைய பெயரை அரத்தால் ராவிவிட்டு, விலை கூடுதலாகப் போகும் பெயரைப் பொறிப்பது இந்தத் தொழிலில் பழைய மோசடி. ராவினால் வெள்ளி குறையும். ஒரு வெர்னியர் காலிப்பரை எடுத்து விட்டத்தை நாலைந்து இடங்களில் அளந்து பாருங்கள். சந்தேகமில்லாத இன்னொரு மெடலோடு ஒப்பிட்டால் குறைவு தெரிந்துவிடும். எழுத்தைச் சுற்றி விளிம்பு மட்டும் பளபளப்பாகவோ, ஓரம் மழுங்கியோ இருந்தால் எச்சரிக்கை தேவை. இந்த மெடல்களில் பெயர் அச்சால் அழுத்திப் பொறிக்கப்பட்டது. எழுத்துகள் ஒரே அளவில், ஒரே ஆழத்தில் நிற்கும். கையால் கீறியது போல் நெளிந்தால் விற்பவரிடம் காரணம் கேளுங்கள்.

மூன்றாவது தவறில்தான் தமிழ் வாசகர்களுக்கு ஒரு பெரிய அனுகூலம் இருக்கிறது, ஆனால் பலர் அதைப் பயன்படுத்துவதில்லை. பெயரை ஒரே எழுத்துக்கூட்டலில் தேடிவிட்டு, 'ஒன்றும் கிடைக்கவில்லை' என்று விட்டுவிடுகிறார்கள். மலாயாவில் தமிழ்ப் பெயர்களை ஆங்கிலத்தில் எழுதியவர்கள் காதில் விழுந்தபடி எழுதினார்கள். லட்சுமணன் என்ற பெயரை நம் ஊரில் கே, எஸ், எச் போட்டு எழுதுவோம். அங்கே 'லெட்சுமணன்' என்ற உச்சரிப்புக்கு ஏற்ப டி, சி, எச் வரும். முனியாண்டியின் கடைசி எழுத்து ஒரு தாளில் ஐ, இன்னொன்றில் ஒய். ஆறுமுகம், சுப்பையா, வீராசாமி எல்லாம் இப்படித்தான். தகப்பன் பெயர் சில இடங்களில் 'எஸ்/ஓ' என்று சேர்ந்து வரும், சில இடங்களில் குடும்பப் பெயர் போல ஒட்டிக்கொள்ளும். ஆகவே பெருமாள் மகன் ராமசாமியை இரண்டு பெயரிலும் தேட வேண்டும். வெள்ளைக்கார ஆராய்ச்சியாளர் ஒருவருக்கு இந்த மாற்றுவடிவங்கள் தோன்றாது. நமக்குத் தானாக வரும்.

தேட இடமும் இருக்கிறது. சிங்கப்பூர் தேசிய நூலகம் பழைய பத்திரிகைகளை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸில் தோட்டத் தாக்குதல், போலீஸ் விருது, அணிவகுப்பு என்று எத்தனையோ செய்திகள். தமிழ் முரசையும் விட்டுவிடாதீர்கள். ஆங்கிலப் பத்திரிகை 'ஓர் இந்தியக் கான்ஸ்டபிள்' என்று ஒரு வரியில் முடித்துவிடும் செய்தி, தமிழ்ப் பத்திரிகையில் பெயரோடு வந்திருக்க வாய்ப்புண்டு. பெயர் ஒத்துப்போனவுடன் 'இவர்தான்' என்று முடிவு கட்டுவதும் தவறு. கிருஷ்ணன் என்ற பெயரில் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்! போலீஸ் எண்ணோ, பணியாற்றிய ஊரோ சேர்ந்து பொருந்தும் வரை அது ஊகம்தான். குறிப்பேட்டிலும் ஊகம் என்றே எழுதுங்கள்.

'மலாயா' பட்டை இருந்தாலே காட்டுச் சண்டை வீரர் என்று கதை கட்டிவிடுவது விற்பவர்களின் வழக்கம். இது களப்பணிக்கான மெடல். வேலி ஓரத்தில் காவல் நின்றவரும் அதைப் பெற்றார். அந்தக் காவல் வேலை எளிதானதும் அல்ல. 1950 பிப்ரவரி 23 அன்று ஜொகூரில் புக்கிட் கெப்போங் போலீஸ் நிலையம் தாக்கப்பட்டபோது காவலர்களும் அவர்கள் குடும்பத்தினரும் உயிரிழந்தார்கள். ஆனால் ஒவ்வொரு மெடலுக்கும் அப்படி ஒரு கதை இல்லை. வீரத்துக்கு வேறு விருது இருந்தது.

அது 1938-ல் தொடங்கிய காலனிய போலீஸ் மெடல். இதில் இரண்டு வகை: ஒன்று வீரச்செயலுக்கு, மற்றொன்று சிறந்த பணிக்கு. முன்பக்கம் ஒன்றுதான். பின்பக்கத்தில் இரண்டிலுமே இலை வளையத்துக்குள் ஒரு போலீஸ் தடி இருக்கும். சுற்றியுள்ள வாசகம் மட்டும் மாறும். வீர மெடலின் ரிப்பனில் மெல்லிய சிவப்புக் கோடுகள் கூடுதலாக இருக்கும். ரிப்பனை யார் வேண்டுமானாலும் மாற்றித் தைக்கலாம் என்பதால் பின்பக்க வாசகத்தைப் படிக்காமல் பணம் கொடுக்காதீர்கள். இந்த விருதுகள் பிரிட்டிஷ் அரசிதழான லண்டன் கெஜட்டில் வெளியாகின, கெஜட்டை இணையத்தில் இலவசமாகத் தேடலாம். ஜெனரல் சர்வீஸ் மெடல் பெற்றவர்களின் பெயர்களோ கெஜட்டில் வராது. அங்கே பெயர் இல்லை என்பதால் மெடல் போலி என்று முடிவு செய்து, நல்ல மெடலைக் கைவிட்டவர்கள் உண்டு.

மெடல்களை ஒரே கம்பியில் கோத்து 'குரூப்' என்று விற்பார்கள். இரண்டாம் உலகப்போருக்கான நட்சத்திர வடிவ மெடல்களை பிரிட்டன் பெயர் பொறிக்காமலே கொடுத்தது. பெயருள்ள மலாயா மெடலோடு பெயரில்லாத பசிபிக் நட்சத்திரத்தைச் சேர்த்து விலையை ஏற்றுவது சுலபம். சேவைச் சான்றிதழோ, அவர் சீருடையில் நிற்கும் புகைப்படமோ இல்லாமல் அந்தச் சேர்க்கைக்குத் தனி விலை தர வேண்டியதில்லை. உண்மையாகவே ஒருவருடையது என்று தெரிந்த குரூப்பைப் பிரித்து விற்பது அதைவிடப் பெரிய கேடு. பிரிந்தால் திரும்பச் சேராது.

வீட்டில் வெள்ளிக் குத்துவிளக்கை விபூதி போட்டுத் துலக்குவது போல மெடலைத் துலக்காதீர்கள். புளியும் வேண்டாம், பாலீஷும் வேண்டாம். ஒவ்வொரு தேய்ப்பிலும் விளிம்பு எழுத்து கொஞ்சம் மழுங்கும். கறுத்த வெள்ளி கறுத்தபடியே இருக்கட்டும். பி.வி.சி. உறைகள் நாளடைவில் உலோகத்தில் பசபசப்பை ஏற்படுத்தும். அமிலமற்ற காகிதமோ மைலார் என்ற பாலியெஸ்டர் உறையோ போதும். கிழிந்த ரிப்பனையும் தூக்கி எறியாமல் கூடவே வையுங்கள்.

எனக்கு மிகவும் வருத்தம் தருவது கதையைப் பாதியாகச் சொல்வது. அவசரகாலத்தில் தமிழர்கள் ஒரே பக்கம் நிற்கவில்லை. தொழிற்சங்கத் தலைவர் எஸ்.ஏ. கணபதி 1949 மே 4 அன்று கோலாலம்பூர் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். அதற்கு முந்தின நாள் இன்னொரு தொழிற்சங்கத் தலைவர் வீரசேனன் சுட்டுக் கொல்லப்பட்டார். கிட்டத்தட்ட ஐந்து லட்சம் பேர், பெரும்பாலும் சீனர்கள், முள்வேலி போட்ட புதுக்கிராமங்களுக்குக் குடியேற்றப்பட்டார்கள். ஸ்பெஷல் கான்ஸ்டபிள் காவல் நின்ற அதே வேலிக்கு உள்ளேயும் வெளியேயும் இவ்வளவும் நடந்தது. ஒரு மெடலைப் பற்றி எழுதும்போது அந்தத் தோட்டத்தில் வேலைநிறுத்தம் நடந்ததா, யார் கைதானார்கள் என்பதையும் அதே பத்திரிகைகளில் தேடுங்கள். பிரிட்டன் தன் காலனிகளிலிருந்து எடுத்துச் சென்று மறைத்து வைத்திருந்த கோப்புகள் 2012 வாக்கில் லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் திறக்கப்பட்டன. மலாயாக் கோப்புகளும் அவற்றில் உண்டு. எஃப்.சி.ஓ. 141 என்ற வரிசையில் கேளுங்கள்.

மெடலுக்குரியவரின் பிள்ளைகள் உயிரோடு இருக்கக்கூடிய காலம் இது. அவர்களைக் கண்டுபிடித்தால் முதலில் விளிம்பின் படத்தை அனுப்பிவிட்டு, அப்பா எந்தத் தோட்டத்தில் இருந்தார் என்று கேளுங்கள். எந்தப் பத்திரிகையிலும் வராத விவரம் அங்கிருந்துதான் வரும். அவர்கள் சம்மதிக்காமல் குடும்ப விவரங்களை வெளியிட வேண்டாம்.