மீன் கம்பெனியில் நேரம் மாற்றி வேலை: தொடங்குவது எப்படி?

நம் கரையில் வேலை தினமும் ஒரே அளவில் வருவதில்லை. மண்டபம், இராமேஸ்வரம் பக்கம் விசைப்படகுகள் பாக் நீரிணையில் திங்கள், புதன், சனிதான் தொழிலுக்குப் போகும். மறுநாள் காலையில் சரக்கு மொத்தமாக இறங்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் அவற்றுக்குத் தடைக்காலம். ஆட்களை மட்டும் எப்போதும் ஒரே நேரத்துக்கு வரச் சொல்வது யாருக்கும் லாபமில்லை.

1. முதலில் வேலையைப் பிரியுங்கள். இறால் உரிப்பது, தரம் பிரிப்பது, ஐஸ் போட்டுப் பெட்டி கட்டுவது கம்பெனியில்தான் நடக்கும். பில், ஜிஎஸ்டி கணக்கு, லாரி பேசுவது வீட்டிலிருந்தும் நடக்கும். கணக்குப் பார்ப்பவருக்கு மட்டும் சலுகை கொடுத்துவிட்டு உரிக்கும் அக்காமார்களை மறந்தால் மனக்கசப்புதான் மிஞ்சும். அவர்களுக்கு ஷிப்டைத் தேர்ந்தெடுக்கவும் மாற்றிக்கொள்ளவும் உரிமை கொடுங்கள்.

2. எல்லாரும் போனில் கிடைக்க வேண்டிய நேரத்தை முடிவு செய்யுங்கள். இரண்டு மணி நேரம் போதும்.

3. விதிகளை எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். இதில் அவசரம் வேண்டாம். உதாரணமாக:

"ஷிப்ட் மாற்றுபவர் முந்தின நாள் மாலை ஆறு மணிக்குள் வாட்ஸ்அப் குரூப்பில் சொல்ல வேண்டும். பதிலுக்கு வருபவர் 'சரி' என்று போட்டால் போதும், சூப்பர்வைசரிடம் கெஞ்ச வேண்டியதில்லை. படகு தாமதமானால் காத்திருந்த நேரத்துக்கும் கூலி உண்டு."

அந்தக் கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். அது இல்லாவிட்டால் வளைந்து கொடுப்பது தொழிலாளி மட்டும்தான்.

4. கேட்பவர் தெளிவாகக் கேளுங்கள். "அண்ணே, புதன்கிழமை மட்டும் வீட்டிலிருந்து பார்க்கிறேன். மூணு மணிக்குள்ள பில் எல்லாம் வந்துரும். லாரி விஷயம்னா போன் பண்ணுங்க." எந்த நாள், என்ன முடியும், எப்படிப் பிடிப்பது, மூன்றும் வந்துவிட்டது. மகப்பேறு விடுப்பு முடிந்து வருபவர்களுக்கு இன்னொன்று: வேலை அதற்கு ஏற்றதாக இருந்தால், விடுப்புக்குப் பிறகும் இருதரப்பும் பேசி வீட்டிலிருந்து பார்க்கலாம் என்று 2017-இல் திருத்திய மகப்பேறு நலச் சட்டம் சொன்னது; 2025 நவம்பரில் அதன் இடத்துக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் அதையே சொல்கிறது.

5. மேலாளர்களே, பில் வந்துவிட்டதா, பெட்டி ஏறிவிட்டதா என்று பாருங்கள். ஆன்லைனில் இருக்கிறாரா என்று நிமிடத்துக்கு நிமிடம் பார்ப்பது நம்பிக்கையைக் கெடுக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் கரண்ட் போகும். அன்றைக்கு யார் அலுவலகம் வருவது என்பதையும் இப்போதே பேசிவிடுங்கள்.

விதிகளைத் தடைக்காலத்தில் உட்கார்ந்து எழுதுங்கள், அப்போதுதான் பேச நேரம் இருக்கும். ஜூன் 15-க்குப் பிறகு சரக்கு குவியும்போது ஒரு மாதம் ஓட்டிப் பாருங்கள். எந்த விதி இடிக்கிறது என்பதை உரிக்கும் மேசையில் இருப்பவர்களிடமே கேட்டுத் திருத்துங்கள்.