வெள்ளி ரூபாயில் போலியை இனங்காணுதல்: புதிய சேகரிப்பாளருக்கு

காசு சேகரிக்கத் தொடங்குபவர் கையில் முதலில் வந்து சேர்வது பெரும்பாலும் பிரிட்டிஷ் இந்திய வெள்ளி ரூபாய்தான். வீடுகளில் ராணி தலை, ராஜா தலை என்று சொல்லிப் பத்திரப்படுத்திய இந்தக் காசுகள் ஏராளமாக அச்சடிக்கப்பட்டவை. ஆகவே பலவற்றின் விலை அவற்றிலுள்ள வெள்ளியின் மதிப்பைவிடச் சற்றே கூடுதலாகத்தான் இருக்கும். இருந்தும் இதில் போலிகள் நிறைய உண்டு. அரிய ஆண்டுகளுக்குத்தான் போலி செய்வார்கள் என்பது தவறான எண்ணம். மலிவான காசை யாரும் சந்தேகிப்பதில்லை என்பதே போலி செய்பவருக்கு வசதியாகிவிடுகிறது.

முதல் வேலை, ஐயத்துக்கிடமில்லாத ஒரு நல்ல காசை நம்பகமான வணிகரிடம் வாங்குவது. ஐந்தாம் ஜார்ஜின் 1917, 1918 ஆண்டு ரூபாய்கள் இதற்குப் பொருத்தமானவை. முதல் உலகப் போரின்போது வெள்ளித் தட்டுப்பாடு கடுமையாகி, 1918இல் அமெரிக்கா பிட்மன் சட்டத்தின் கீழ்த் தன் வெள்ளி டாலர்களை உருக்கி இந்தியாவுக்குக் கொடுக்கும் அளவுக்கு ரூபாயின் தேவை பெருகியிருந்தது. அதனால் பெருமளவில் அச்சடிக்கப்பட்ட அக்காலக் காசுகள் இன்றும் எளிதாகக் கிடைக்கின்றன. அப்படி ஒன்றை வாங்கி ஒரு மாதம் மேசையிலேயே வைத்துக்கொண்டு, அதன் எழுத்து, விளிம்பு, கனம், ஓசை எல்லாவற்றையும் கண்ணுக்கும் கைக்கும் பழக்கிக்கொள்ள வேண்டும். பிறகு சந்தையில் எடுக்கும் ஒவ்வொரு காசையும் மனம் தானாகவே அதனோடு ஒப்பிடத் தொடங்கும்.

அடுத்தது எடை. 1835 முதல் இந்த ரூபாயின் எடை கிரெயின் என்ற ஆங்கில எடை அலகில் 180, அதாவது 11.66 கிராம். வெள்ளி பன்னிரண்டில் பதினொரு பங்கு, விட்டம் ஏறத்தாழ 30.5 மில்லிமீட்டர். நூறில் ஒரு கிராம் வரை காட்டும் சிறிய மின்னணுத் தராசும், விட்டத்தை அளக்க ஒரு வெர்னியர் அளவியும் இருந்தால் போதும். எடையைத் தேய்மானத்தோடு சேர்த்தே படிக்க வேண்டும் என்பது முக்கியம். முகமெல்லாம் மழுங்கிய காசு 11.4 கிராம் காட்டினால் அது இயல்பு. கிரீடத்தின் ஒவ்வொரு மணியும் தெளிவாகத் தெரியும் காசு அதே எடையைக் காட்டினால் எச்சரிக்கையாக வேண்டும். காசுமாலைக்காகக் காது ஒட்டிப் பிறகு அதை நீக்கிய காசுகளும் எடையில் மாறும். அவை போலியல்ல, பழுதுபட்டவை. அவற்றின் விளிம்பில் பற்றவைத்த தடம் தெரியும்.

எடையைச் சரிக்கட்டுவது போலி செய்பவருக்குக் கடினமல்ல. எடை, கன அளவு இரண்டையும் ஒருசேரச் சரிக்கட்டுவதுதான் கடினம். இதைக் கண்டுபிடிக்க வீட்டிலேயே ஒரு வழி இருக்கிறது. தராசின் மேல் பாதி நீர் நிரம்பிய கண்ணாடிக் குவளையை வைத்துச் சுழியத்துக்குக் கொண்டுவாருங்கள். காசை மெல்லிய நூலில் கட்டி, குவளையின் அடியையோ பக்கத்தையோ தொடாமல், நீரில் முழுவதும் மூழ்கும்படி தொங்கவிடுங்கள். அப்போது தராசு காட்டுவது காசு விலக்கிய நீரின் எடை. 11.66 கிராம் எடையுள்ள நல்ல வெள்ளி ரூபாய்க்கு அது 1.13 கிராம் அளவில் இருக்கும். அதே எடையில் செம்பும் நிக்கலும் கலந்து செய்த போலி சுமார் 1.3 காட்டும், பித்தளை அதையும் தாண்டும். காசில் காற்றுக்குமிழி ஒட்டியிருந்தால் கணக்குத் தவறும் என்பதால் இரண்டு மூன்று முறை செய்து பார்ப்பது நல்லது. 1940 முதல் 1945 வரையிலான ஆறாம் ஜார்ஜ் ரூபாய்களில் வெள்ளி பாதிதான், அவற்றுக்கு 1.22 அளவில் வருவதே சரி. இதை அறியாமல் நல்ல காசைப் போலி என்று ஒதுக்கியவர்களும் உண்டு.

காந்தம் வைத்துப் பார்ப்பதைப் பலரும் முதல் சோதனையாகச் சொல்கிறார்கள். எனக்கு அதில் பெரிய மதிப்பில்லை. வெள்ளி என்று சொல்லப்படும் காசு காந்தத்தில் ஒட்டினால் அது போலி என்று உடனே முடிவு செய்யலாம். ஒட்டாவிட்டால் எதுவும் தெரியாது, ஏனெனில் பித்தளையும் ஈயமும்கூட ஒட்டுவதில்லை. மாறாக, பின்புறம் புலி நடந்துவரும் 1947 ரூபாய் நிக்கலால் ஆனது. அது ஒட்டத்தான் வேண்டும்.

சுண்டிப் பார்ப்பது நம் கடைவீதிகளின் பழைய முறை. காசை விரல்நுனியில் சமன்செய்து வைத்து, இன்னொரு காசின் விளிம்பால் மெல்லத் தட்டினால் வெள்ளி நீண்டு ஒலிக்கும். ஈயம் கலந்தது சட்டென்று அடங்கும். தரையில் போட்டுப் பார்க்கக் கூடாது. உள்ளே விரிசல் விழுந்த நல்ல காசும் மந்தமாகவே ஒலிக்கும் என்பதால் ஓசையை மட்டும் நம்பித் தீர்ப்புச் சொல்வது சரியாகாது. சங்க காலத்திலேயே பொன்னையும் காசையும் நோட்டம் பார்ப்பவருக்கு வண்ணக்கன் என்று பெயர் இருந்தது. புலவர் சிலரின் பெயரோடும் அச்சொல் ஒட்டியிருக்கிறது. தனித் தொழிலாக நிற்கும் அளவுக்கு அந்த வேலைக்குப் பழக்கம் தேவைப்பட்டிருக்கிறது.

பத்து மடங்கு பெருக்கிக் காட்டும் உருப்பெருக்கியைக் கொண்டு பார்க்கும்போதுதான் உண்மையான படிப்பு தொடங்குகிறது. நல்ல காசு அச்சுகளுக்கு இடையே அழுத்தி அடிக்கப்பட்டது. அதனால் எழுத்து தளத்திலிருந்து செங்குத்தாக எழுந்து நிற்கும், விளிம்புக் கோடுகள் ஒரே சீராக இருக்கும். வார்ப்பில் செய்த போலியில் எழுத்தின் அடி சோப்பில் செதுக்கியதுபோல் வழுவழுப்பாக வளைந்து தளத்தோடு கலந்துவிடும். தளத்தில் ஊசிமுனைக் குழிகள் தெரியும். வார்ப்பின் இரண்டு பாதிகள் சேர்ந்த மடிப்பு விளிம்பைச் சுற்றி ஓடும்; அதை அரத்தால் தேய்த்திருந்தால் கோடுகளைக் குறுக்கே வெட்டும் கீறல்கள் காட்டிக்கொடுக்கும். முலாம் பூசியதில் கன்னமும் காதும் போன்ற மேடான இடங்களில் செம்பு நிறம் எட்டிப்பார்க்கும். ஒரே வணிகரிடம் ஒரே ஆண்டுக் காசுகள் இரண்டில், ஒரே இடத்தில் ஒரே வடிவக் காயத்தைக் கண்டால் வேறு சான்று தேவையில்லை. கைமாறிப் புழங்கிய இரண்டு காசுகள் ஒரேமாதிரி அடிபடுவதில்லை.

மிகவும் ஏமாற்றுவது ஆண்டைத் திருத்திய காசு. 1939 ரூபாய் மிக அரிது, 1938 எளிதில் கிடைப்பது. எட்டை ஒன்பதாக்கிவிட்டால் விலை பல மடங்காகிறது. காசு உண்மையான வெள்ளி என்பதால் எடை, நீர்ச் சோதனை, ஓசை, விளிம்பு எல்லாமே சரியாக வரும். பொய் அந்த ஒற்றை இலக்கத்தில் மட்டும் இருக்கிறது. அந்த இலக்கத்தின் உயரம், பக்கத்து மூன்றோடு அதன் இடைவெளி, சுற்றிலுமுள்ள தளத்தில் சுரண்டிய பளபளப்பு ஆகியவற்றை உருப்பெருக்கியில் பாருங்கள். 1911 ரூபாயில் வேறொரு துணை உண்டு. ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் ஆடையிலுள்ள யானை அந்த ஆண்டு குட்டைத் துதிக்கையோடு பன்றிபோல் தெரிந்ததால் சர்ச்சை எழுந்து, 1912 முதல் யானையை மாற்றி வரைந்தார்கள். எனவே நீண்ட துதிக்கை கொண்ட யானையோடு 1911 என்ற ஆண்டு சேர்ந்து நின்றால் அந்த ஆண்டு திருத்தப்பட்டதே.

ராமர் பட்டாபிஷேகமும் அனுமனும் பொறித்து, கிழக்கிந்தியக் கம்பெனி பெயரும் 1616, 1717, 1818 போன்ற ஆண்டுகளும் தாங்கிவரும் செப்புக் காசுகளுக்கு மேலே சொன்ன சோதனை எதுவும் தேவையில்லை. கம்பெனி அப்படி ஒரு காசை வெளியிட்டதே இல்லை. அரிசியை ஈர்க்கும், இரிடியம் கலந்தது என்ற கதையோடு அவற்றை லட்சக்கணக்கில் விலைபேசுபவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

எந்தக் காசையும் புளியோ விபூதியோ போட்டுத் தேய்க்காதீர்கள். இயல்பான கருமையோடு தடயங்களும் போய்விடும். இணையத்தில் வாங்குவதானால் இரு முகங்களோடு விளிம்பின் படத்தையும், தராசில் வைத்த படத்தையும் கேட்டுப் பெறுங்கள். தர மறுப்பவரிடம் வாங்க வேண்டாம். எல்லாவற்றையும் மீறி ஒரு போலி கைக்கு வந்துவிட்டால் அதை இன்னொருவர் தலையில் கட்டாமல், உறையின் மேல் போலி என்று எழுதி, வாங்கிய தேதியையும் விலையையும் குறித்து, அந்த 1918 ரூபாய்க்குப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள்.