பாப்லர் பலகையில் ஒரு சுவர்த்தட்டு: வாங்குவதிலிருந்து பெயின்ட் வரை

அமெரிக்காவில் இருந்துகொண்டு மரவேலை பழக ஆரம்பிக்கிறீர்களா? தைரியமாக பாப்லர் வாங்குங்கள், பெயின்ட் அடிக்கப்போகிற பொருளுக்கு இதைவிட நல்ல மரம் அந்த விலையில் கிடைப்பது கஷ்டம். கடையில் இந்தப் பெயரில் இருப்பது பெரும்பாலும் டூலிப் மரம், நம் செண்பகத்தின் குடும்பம்.

1. பலகையைப் பொறுக்குவது
1க்கு 6 என்று எழுதியிருந்தாலும் உண்மையில் முக்கால் அங்குல கனம், ஐந்தரை அங்குல அகலம்தான் இருக்கும், அதை வைத்தே கணக்குப் போடுங்கள். பலகையின் ஒரு முனையைக் கண்ணுக்கு நேராகத் தூக்கி நீளவாக்கில் பாருங்கள், முறுக்கியோ வளைந்தோ இருந்தால் திருப்பி வைத்துவிடுங்கள். பச்சையாகவோ ஊதாக் கீற்றோடோ இருந்தால் பயப்பட வேண்டாம். மரத்தின் நடுவில் இருக்கும் வைரப் பகுதியின் நிறமே அதுதான், வெளிச்சம் பட்டுப் பட்டுப் பழுப்பாகிவிடும்.

2. அறுப்பது
ஹார்ட்வுட், அதாவது கடினமரம் என்ற வரிசையில் அடுக்கியிருப்பார்கள், ஆனால் மெத்தென்ற மரம்: மரத்தின் கடினத்தைக் காட்டும் ஜான்கா அளவில் சிவப்பு ஓக் 1290 என்றால் இது 540. அதனால் பலகையை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்ப் நேராகக் கடித்தால் தடம் விழும், நடுவில் ஒரு துண்டுக்கட்டை கொடுங்கள். ரம்பம் கூராக இருக்கட்டும், மழுங்கியதில் அறுத்தால் நார் நாராகப் பிய்யும்.

3. இணைப்பது
மரப்பசை நன்றாகப் பிடிக்கும். ஸ்க்ரூ போடும் இடத்தில், முக்கியமாக ஓரத்துக்குப் பக்கத்தில், முதலில் சின்னத் துளை போட்டுக்கொள்ளுங்கள்.

4. தேய்ப்பது
120, அப்புறம் 180 நம்பர் உப்புத்தாள், ரேகை ஓடும் திசையிலேயே.

5. பெயின்ட்
பெயின்டுக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சான ப்ரைமர் அடித்ததும் மேற்பரப்பில் மெல்லிய நார்கள் எழும்பி நிற்கும், காயவிட்டு 220இல் லேசாகத் தேய்த்துவிட்டால் அடுத்த பூச்சு வழவழவென்று உட்காரும். அறுத்த முனைகள் பெயின்டை உறிஞ்சும், அங்கே மட்டும் இன்னொரு பூச்சு. தேக்கு மாதிரி தெரிய வேண்டுமென்று ஸ்டெயின் (மரத்துக்கு நிறமேற்றும் சாயம்) போட ஆசைப்படாதீர்கள், திட்டுத் திட்டாக நிற்கும். போட்டே தீர வேண்டுமென்றால் முதலில் ஷெல்லாக்கை (அரக்கில் செய்த வார்னிஷ்) மெலிதாகக் கலக்கி ஒரு பூச்சு கொடுங்கள்.

மழை படும் இடத்துக்கு இந்த மரம் வேண்டவே வேண்டாம், சீக்கிரம் உளுத்துவிடும். வீட்டுக்குள்ளேயே மாட்டுங்கள், பெயின்ட் நன்றாக இறுகச் சில நாட்கள் விட்டு அப்புறம் புத்தகங்களை அடுக்குங்கள்.