புரோகிராம் கோடை விடுங்கள், பற்றரியை அளந்து பாருங்கள்

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் பாடசாலை விட்ட பிறகு நடக்கும் றோபோ வகுப்புகளில் பல வருடங்களாகக் கற்பித்து வருகிறேன். உயர்தரத்தில் 2013இல் தொழினுட்பப் பிரிவு தொடங்கிய பிறகு, பொறியியல் தொழினுட்பவியல் படிக்கும் எண்ணத்தோடு ஒன்பதாம், பத்தாம் தரத்திலேயே பிள்ளைகள் வருகிறார்கள். ஆர்வத்துக்குக் குறைவில்லை. ஆனால் நாங்கள் படித்த காலத்தில் விட்ட அதே பிழைகளை ஒவ்வொரு புதுத் தொகுதியும் முதலிலிருந்து விடுகிறது.

செமிகோலனை மறப்பது, வயரை மாற்றிப் பூட்டிச் சில்லு பின்பக்கம் சுற்றுவது போன்றவற்றை இங்கே எழுதவில்லை. அவை அரை மணித்தியாலத்தில் தாமாகப் பிடிபடும். பிடிபடாமல் ஒரு தவணையையே விழுங்கிவிடுபவைதான் எனக்குக் கவலை.

மோட்டருக்கு 9 வோல்ட் சதுரப் பற்றரி

இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வருவது இதற்குத்தான், அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவுக்குப் போகும் பிள்ளை ஆர்டுயினோ ஊனோ என்ற கட்டுப்பாட்டுப் பலகை, அதன் சொற்படி மோட்டருக்கு மின் கொடுக்கும் எல்298 மோட்டர் டிரைவர், மஞ்சள் கியர் மோட்டர் இரண்டு, கூடவே ஒரு 9 வோல்ட் பற்றரியும் கிளிப்பும் வாங்கி வருகிறது. இணையத்தில் பார்த்த படத்திலும் அதே பற்றரிதான் இருந்தது. பலகைக்கு வேண்டியது 5 வோல்ட், இது 9, ஆகவே தாராளம் என்று கணக்குப் போடுகிறார்கள்.

வோல்ட் போதும், அம்பியர் போதாது. அந்தப் பற்றரியைப் பிரித்தால் உள்ளே 1.5 வோல்ட் தரும் ஆறு குட்டிக் கலங்கள் தொடராக இருக்கும். அவற்றின் அகத்தடை அதிகம். புகை எச்சரிக்கைக் கருவி, மல்ட்டிமீட்டர் மாதிரிக் கொஞ்சமாக மின் எடுக்கும் சாமான்களுக்காகச் செய்தது அது. மஞ்சள் மோட்டர் சும்மா சுற்றும்போது 150, 200 மில்லி அம்பியரோடு நிற்கும். ஆனால் புறப்படும் கணத்தில் ஒரு அம்பியரைத் தாண்டும். இரண்டும் சேர்ந்து புறப்பட்டால் இரண்டுக்கு மேல். அவ்வளவு கேட்டதும் பற்றரியின் வோல்ட் சரிகிறது, பலகை ரீசெட் ஆகிறது, மோட்டர் நிற்கிறது. சுமை போனதும் வோல்ட் ஏறுகிறது, புரோகிராம் முதல் வரியிலிருந்து தொடங்குகிறது, மோட்டர் புறப்படுகிறது, மறுபடி சரிவு. வெளியில் பார்ப்பவருக்குத் தெரிவதெல்லாம் விக்கி விக்கி ஓடும் ஒரு கார்.

பத்தாம் தரப் பிள்ளைகள் சிலர் கண்காட்சிக்கென்று செய்த கார் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். "சேர், கோட்லதான் என்னவோ பிழை. வீட்ட மேசையில வச்சுப் பார்த்தம், நல்லா ஓடிச்சு."

"மேசையில எப்பிடி வச்சீங்க?"

"கவிழ்த்து வச்சம் சேர், சில்லு மேல பார்க்க."

விடை அதிலேயே இருந்தது. சில்லு காற்றில் சுற்றும்போது இழுக்கப் பாரமில்லை. நிலத்தில் வைத்தால் காரையே இழுக்க வேண்டும். மீட்டர் முனைகளைக் கிளிப்பில் வைக்கச் சொன்னேன். சும்மா இருக்கையில் 9.1 காட்டியது. கோட் எழுதிய பிள்ளை மோட்டரைப் புறப்பட விட்டாள். எண் மளமளவென்று 5 பக்கமாக இறங்கியது. பலகையில் 13ஆம் முனைக்குப் பக்கத்தில் 'எல்' என்று போட்டிருக்கும் சின்ன விளக்கு படபடவென்று மின்னியது. பலகை மறுபடி தொடங்குகிறது என்பதற்கு அந்த மின்னல்தான் அடையாளம்.

அதற்குள் அவர்கள் கோடில் டிலேயை (காத்திருக்கும் நேரத்தை) கூட்டிக் குறைத்து, வேறொரு கோடைத் தேடிப் போட்டு, புதுப் பலகை வாங்கி, டிரைவரையும் மாற்றியிருந்தார்கள். பற்றரிகூடப் புதிதுதான், ஆனால் அதே இனம். பெற்றோரின் காசு போனது ஒரு பக்கம். முதல் நாளே சரியாக எழுதிய கோடை அந்தப் பிள்ளை திருத்தித் திருத்திக் கெடுத்து, தனக்குக் கோடிங் வராது என்ற முடிவுக்கும் வந்திருந்தாள். இதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. கற்பிக்கும் நாங்கள் முதல் வகுப்பிலேயே மீட்டரைக் கையில் கொடுத்திருந்தால் இது நடந்திராது.

சோதிக்க ஒரு சுலபமான வழி உண்டு. லப்டொப் கேபிள் செருகியிருக்கையில் ஒழுங்காக ஓடி, கழற்றியதும் கார் விக்கினால் கோடைத் தொடவே வேண்டாம். பலகைக்கு யூஎஸ்பியால் மின் வரும்வரை அது தாங்குகிறது, அவ்வளவுதான்.

மாற்றாக மீள்மின்னேற்றும் ஏஏ கலங்கள் ஆறு போடுங்கள். கலமொன்று 1.2 வோல்ட், மொத்தம் 7.2. எல்298 பழைய வகை டிரான்சிஸ்டர்களால் ஆனது, வழியிலேயே ஏறத்தாழ 2 வோல்ட்டைத் தின்றுவிடும். மிச்சம் 5 சொச்சம் மோட்டருக்குப் போகும், 3 முதல் 6 வோல்ட் மோட்டருக்கு அது அளவானது. புதிதாக டிரைவர் வாங்குவதென்றால் டிபி6612 கேட்டு வாங்குங்கள். அதில் இந்த இழப்பு மிகக் குறைவு.

மோட்டரை ஆர்டுயினோ முனையிலேயே கொடுப்பது

ஒரு முனைக்கு 20 மில்லி அம்பியர்தான் அளவு. 40ஐத் தாண்டினால் சிப் பழுதாகும்.

கிரவுண்டைச் சேர்க்காமல் விடுவது

இரண்டு பற்றரி வைத்தால் இரண்டின் மறை முனைகளையும் (கிரவுண்ட் என்பது அதுதான்) இணையுங்கள்.

படம் வரையாமல் பசை வைப்பது

வடிவமைப்பு என்றால் கடைசியில் ஒட்டும் வர்ணத் தாள் என்று நினைக்கும் பிள்ளைகள் அதிகம். குளூ கன் சூடானதும் எல்லாவற்றையும் ஒட்டிவிடுவார்கள். பிறகு பார்த்தால் பற்றரிப் பெட்டி பலகைக்கு அடியில், கலத்தை மாற்ற மேல்தட்டையே உடைக்க வேண்டும். யூஎஸ்பி வாய் சில்லுக்கு நேரே, கேபிள் நுழையாது. முதலில் மட்டையில் வெட்டி, ரப்பர் பட்டியால் கட்டி ஓட்டிப் பாருங்கள். கழற்ற வேண்டிய எதற்கும் பசை வேண்டாம், திருகாணியும் நட்டும் போடுங்கள். மேலிருந்தும் பக்கத்திலிருந்தும் இரண்டு படம், அளவு மில்லிமீற்றரில். அதைப் பார்க்காமல் நான் குளூ கன்னைக் கொடுப்பதில்லை.

கறுப்புக் கோட்டைத் தேடும் சென்சர்

அகச்சிவப்பு ஒளி நிலத்தில் பட்டுத் திரும்புவதைப் பார்த்துக் கோட்டைக் கண்டுபிடிக்கும் டிசிஆர்டி5000 சென்சர் நன்றாக வேலை செய்வது நிலத்திலிருந்து சில மில்லிமீற்றர் உயரத்தில். மூன்று சென்டிமீற்றர் மேலே பூட்டிவிட்டு அது குருடு என்கிறார்கள். இன்னொன்று வெயில். சூரிய வெளிச்சத்திலும் அகச்சிவப்பு உண்டு. டியூப் லைட் வெளிச்சத்தில் சரிபார்த்த கார், யன்னலோரம் வெயில் விழும் மண்டபத்தில் கோட்டை விட்டு ஓடும். போட்டி நாளில் அந்த இடத்திலேயே வெள்ளைக்கும் கறுப்புக்கும் வாசிப்பை எடுத்து, இரண்டையும் பிரிக்கக் கோடில் போட்டிருக்கும் எல்லை எண்ணை மாற்றுங்கள்.

ஒருவர் தட்ட மற்றவர்கள் பார்ப்பது

பெரும்பாலும் பெடியன் ஒருவன் லப்டொப்பைப் பிடித்துக்கொள்வான், பெண் பிள்ளைக்குப் பதிவுப் புத்தகமும் அலங்காரமும். இதை நான் விடுவதில்லை. போன வாரம் கோட் எழுதியவர் இந்த வாரம் வயரிங், மற்றவர் லப்டொப்.

லித்தியம் கலம்

18650 கலத்தில் 9900 மில்லி அம்பியர் மணி என்று அச்சிட்டிருந்தால் அது பொய். நல்ல தயாரிப்புகளே பொதுவாக 3500 அளவில்தான் நிற்கும். கலத்தின் மேல் நேரடியாகச் சொல்டர் பிடிக்காதீர்கள், ஹோல்டர் வாங்குங்கள். பையில் சாவியோடும் சில்லறையோடும் போடாதீர்கள். சார்ஜ் ஏறும்போது பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும், இரவில் செருகிவிட்டுத் தூங்கவே கூடாது.