கேம்பர் வேன் இன்சூரன்ஸ்: உள்ளே பொருத்தியதையும் சேர்த்து எடுப்பது எப்படி?

மாருதி ஈகோ வேனை உள்ளேயே தங்கிப் பயணிக்கும் கேம்பர் வேனாக மாற்ற, கட்டில், சோலார் பேனல், லித்தியம் பேட்டரி, சின்ன ஃப்ரிட்ஜ் என்று ஒன்றரை லட்ச ரூபாய்க்குப் பொருத்துகிறோம். ஆனால் பாலிசியை மட்டும் பழைய வேனுக்கு எடுத்தபடியே புதுப்பித்துவிடுகிறோம். நான்கு ஆண்டு தாண்டிய வண்டிக்கு ஐடிவி (வண்டிக்கு நிறுவனம் ஒப்புக்கொள்ளும் காப்பீட்டு மதிப்பு), புது விலையில் பாதி அளவுக்கு இறங்கிவிடும். உள்ளே இருப்பதை எழுதிக் கொடுக்கவில்லை என்றால், திருட்டோ தீயோ வந்தால் அந்தப் பாதியை வைத்துத்தான் கணக்குப் போடுவார்கள். என் வேனுக்கு இதையெல்லாம் சரிசெய்து முடித்த கையோடு, அதே வரிசையில் எழுதுகிறேன்.

படி 1: முதலில் ஆர்சி

சொந்த உபயோகத்துக்கான கேம்பர் வேன், 2004-ம் ஆண்டு மத்திய அரசு அறிவிக்கைப்படி போக்குவரத்து அல்லாத வாகனங்களின் பட்டியலில் வருகிறது. அதாவது வெள்ளை போர்டு. தொழிலுக்கு ஓட்டினால் வகை மாறிவிடும், பிரீமியமும் மாறிவிடும்.

கூரையை வெட்டுவது, சீட்டைக் கழற்றி எண்ணிக்கையைக் குறைப்பது போன்ற வேலைகளுக்கு மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52 குறுக்கே நிற்கும். தயாரிப்பாளர் கொடுத்த வடிவத்தை மாற்றக் கூடாது என்று 2019-ல் உச்ச நீதிமன்றமும் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. அப்படி ஏதாவது செய்யும் எண்ணம் இருந்தால் ஆர்டிஓ அனுமதி கைக்கு வந்த பிறகுதான் வெல்டிங்கைத் தொட வேண்டும். யார் கேட்டாலும் நான் சொல்வது, கழற்றி வைக்கக்கூடிய பெட்டிக் கட்டில். சீட்டு அப்படியே இருக்கும், ஆர்சி விவரமும் மாறாது, சேதத்தை மதிப்பிட வரும் சர்வேயர் கேள்வி கேட்கவும் இடமில்லை.

படி 2: பொருத்தியதை எழுதிக் கொடுப்பது

எனக்கு அதிக நாள் பிடித்தது இந்தப் படிதான். ஆன்லைன் படிவங்களில் ‘எலெக்ட்ரிகல் ஆக்ஸஸரீஸ்’, ‘நான்-எலெக்ட்ரிகல் ஆக்ஸஸரீஸ்’ என்று இரண்டு கட்டங்கள் இருக்கும். தொகையை மட்டும்தான் போட முடியும், எந்தப் பொருள் என்று எழுத வழியில்லை. ஒரு நிறுவனத்தில் நான் போட்ட தொகையைக் கேட்காமலே பூஜ்யமாக்கிப் பாலிசி அனுப்பிவிட்டார்கள். பாலிசி அட்டவணையைப் பிரித்துப் பார்த்ததால் உடனே தெரிந்தது. பணம் கட்டுவதற்கு முன் அந்த வரியை நீங்களும் பாருங்கள்.

செய்ய வேண்டியது இதுதான். பேனல், பேட்டரி, இன்வெர்ட்டர், ஃப்ரிட்ஜ், ஃபேன் எல்லாம் எலெக்ட்ரிகல். கட்டில், அலமாரி, வெளிப்பக்க விரிப்புக் கூரை எல்லாம் நான்-எலெக்ட்ரிகல். ஜிஎஸ்டி பில், சீரியல் நம்பர் தெரியும்படி ஒரு போட்டோ, வண்டிக்குள் பொருத்தியபடி இன்னொரு போட்டோ. தச்சரிடம் செய்த வேலைக்கும் கையெழுத்திட்ட பில் வாங்கிக்கொள்ளுங்கள். எலெக்ட்ரிகல் பொருள்களுக்குப் பொதுவாக மதிப்பில் 4 சதவீதம் கூடுதல் பிரீமியம். ஒரு லட்சத்துக்கு 4,000 ரூபாய், 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தால் 4,720. இந்தப் பணத்தை மிச்சம் பிடிக்கவே கூடாது.

கேம்பருக்கு நான் ஆன்லைனை விட்டுவிட்டுக் கிளை அலுவலகத்துக்கே போவேன், அதுவும் பொதுத்துறை நிறுவனத்துக்கு. வண்டியை நேரில் காட்டி, பொருள்களின் பட்டியலைப் பாலிசியோடு இணைக்கச் சொல்லலாம். அரை நாள் போகும், போகட்டும்.

அப்புறம், பேட்டரி. சாதாரண பாலிசியில் பேட்டரிக்கும் பிளாஸ்டிக் பாகங்களுக்கும் 50 சதவீதம் தேய்மானம் கழிப்பார்கள். தேய்மானம் கழிக்காத ‘ஜீரோ டெப்’ என்ற கூடுதல் காப்பை (ஆட்-ஆன்) எடுத்தால் நீங்கள் பொருத்திய பேட்டரிக்கும் அது செல்லுமா என்று மெயிலில் கேட்டு, பதிலையும் மெயிலிலேயே வாங்கிவிடுங்கள்.

படி 3: மிச்சம் பிடிக்க வேண்டிய இடங்கள்

தேர்டு பார்ட்டி (நம் வண்டியால் மற்றவர்களுக்கு வரும் சேதத்துக்கான) பிரீமியத்தில் பேரம் கிடையாது, அதை அரசு நிர்ணயிக்கிறது. 2022-ல் நிர்ணயித்த விகிதப்படி 1000 முதல் 1500 சிசி வரையிலான தனியார் காருக்கு 3,416 ரூபாய். ஈகோ 1197 சிசி, எனவே இதில்தான் வரும். குறைக்க முடிவது நம் வண்டியின் சேதத்துக்கான ஓன் டேமேஜ் பகுதியை மட்டும்.

அதில் பெரிய தொகை என்சிபி, அதாவது கிளெய்ம் கேட்காத ஆண்டுகளுக்கான தள்ளுபடி. பழைய காரை விற்றிருந்தால் அதன் என்சிபி சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள். மூன்று ஆண்டு வரை செல்லும், அதிகபட்சம் 50 சதவீதத் தள்ளுபடி. தனியார் காரின் என்சிபி தனியார் வண்டிக்குத்தான் வரும், மஞ்சள் போர்டுக்கு வராது. பாலிசி முடிந்து 90 நாளுக்குள் புதுப்பிக்காவிட்டால் அத்தனையும் போய்விடும்.

இரண்டு நிறுவனங்களை ஒப்பிடும்போது ஐடிவி ஒரே தொகையாக இருக்கட்டும். ஐடிவியைக் குறைத்துவிட்டுப் பிரீமியம் மலிவு என்று காட்டுவது ரொம்பவும் சாதாரணமாக நடக்கிறது.

உங்கள் பெயரில் இன்னொரு வண்டிக்கு ஓட்டும் உரிமையாளருக்கான 15 லட்ச ரூபாய் கட்டாய விபத்துக் காப்பு இருந்தால் இதற்கும் ஒன்று தேவையில்லை. ஏஜென்ட்டிடம் நீங்களாகவே சொல்லி எடுத்துவிடச் சொல்லுங்கள்.

சேதத்தில் ஒரு தொகையை நாமே ஏற்பதாக ஒப்புக்கொள்ளும் வாலண்டரி டிடக்டிபிள் எனக்குப் பிடிக்காது. வழக்கமான அட்டவணைப்படி, 15,000 ரூபாயை நாமே ஏற்றுக்கொண்டால் கிடைக்கும் தள்ளுபடி அதிகபட்சம் 2,500 ரூபாய். ஒரு பம்பர் அடிபட்டால் கணக்கு தலைகீழாகிவிடும்.

பின்சேர்க்கை

இதைப் படித்தவர்கள் கேட்ட இரண்டு கேள்விகள்.

பாலிசி ஓடிக்கொண்டிருக்கும்போது புதிதாகப் பேனல் போட்டால்? அடுத்த புதுப்பித்தல் வரை காத்திருக்க வேண்டாம். பில்லோடு எண்டார்ஸ்மென்ட் (ஓடும் பாலிசியில் செய்யும் திருத்தம்) கேளுங்கள், மீதி நாள்களுக்கு மட்டும் பிரீமியம் வாங்குவார்கள். எண்டார்ஸ்மென்ட் தாள் கைக்கு வந்த பிறகு கிளம்புங்கள்.

வருஷத்தில் பாதி நாள் வண்டி நின்றுகொண்டிருக்கிறதே? அப்படியானால் ஓடும் கிலோமீட்டருக்கு ஏற்ற பாலிசியைப் பாருங்கள். 2022 ஜூலையில் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ அனுமதித்த ஆட்-ஆன் அது. கேம்பருக்கு நன்றாகவே பொருந்தும். ஆனால் லடாக் போய்த் திரும்பும் ஒரே பயணத்திலேயே வரம்பு தாண்டிவிடலாம். அதனால் நடுவில் கிலோமீட்டரைக் கூட்டிக்கொள்ள வசதி தரும் நிறுவனத்தில் மட்டும் எடுங்கள், கிளம்பும் முன்பே கூட்டிவிடுங்கள்.