ஒரு வரியை நீட்ட ஒரு கத்தரிக்காய் போதும்

‘நான் கடைக்குப் போனேன். கத்தரிக்காய் வாங்கினேன்.’ இதோடு பிள்ளைகள் நோட்டை மூடிவிடுகிறார்கள். ‘இன்னும் விரிவாக எழுது’ என்று சொன்னால் அவர்களுக்கு ஒன்றும் பிடிபடுவதில்லை. கையில் ஒரு பொருளைக் கொடுத்துக் கேள்வி கேளுங்கள்.

வேலூர்க்காரர்களுக்கு இதற்கு இலவம்பாடி முள் கத்தரிக்காயை விட நல்ல பொருள் கிடைக்காது. 2023இல் புவிசார் குறியீடு பெற்ற நம்ம ஊர்க் காய். மெதுவாகத் தொடச் சொல்லுங்கள். எங்கே குத்துகிறது? தோல் எப்படி இருக்கிறது? நறுக்கினால் உள்ளே என்ன தெரிகிறது? பிள்ளை வாயால் சொல்வதை அப்படியே எழுதட்டும். ‘காம்பைப் பிடித்ததும் முள் சுருக்கென்று குத்தியது, தோல் மட்டும் வழுவழுவென்று இருந்தது’ என்று வரி தானாக நீளும். எனக்கு இந்தச் ‘சுருக்’, ‘வழுவழு’ எல்லாம் பெரிய அடைமொழிகளை விடப் பிடிக்கும். தாராளமாக எழுத விடுங்கள்.

‘அழகான’, ‘பெரிய’ இரண்டுக்கும் மட்டும் தடை போடுங்கள். கோட்டைக்குப் போய் வந்தால் ‘பெரிய கோட்டை’ என்று முடிக்க முடியாமல், அகழித் தண்ணீரின் நிறம், மதில் கல்லின் சூடு என்று தேட ஆரம்பிப்பார்கள்.

எழுத்துப்பிழையை அப்புறம் திருத்திக்கொள்ளலாம். ஒரு நாளைக்கு ஒரு வரி எழுதினால் போதும்.