வாளையாறு தாண்டி வரும் மாற்றுத்திறனாளிக் குழந்தைக்குப் பள்ளியில் என்ன உரிமை?

தமிழ்நாட்டிலிருந்து வாளையாறு எல்லையைத் தாண்டி, கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்துக் கஞ்சிக்கோட்டில் வேலை கிடைத்து, சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் குடிவருபவர்கள் முதலில் அலைவது கேஸ் இணைப்புக்கும் ரேஷன் கார்டுக்கும்தான். வீட்டில் மாற்றுத்திறனாளிக் குழந்தை இருந்தால் அதையெல்லாம் பிறகு பாருங்கள், பள்ளி முதலில். தலைமையாசிரியர் அறையில் பெற்றோர் ஏதோ சலுகை கேட்பதுபோலக் கூனிக் குறுகி நிற்பதைப் பார்க்க மனசு கேட்பதில்லை.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 நாடு முழுமைக்குமானது. கோவையில் வாங்கிய மாற்றுத்திறனாளிச் சான்றிதழ் இங்கேயும் செல்லும். "கேரளா சர்டிபிகேட் வேணும்" என்று திருப்பி அனுப்பினால் 58ஆவது பிரிவைக் காட்டுங்கள். டி.சி. வரத் தாமதமானாலும் எட்டாம் வகுப்பு வரை அரசு, உதவிபெறும் பள்ளிகள் அதைக் காரணம் காட்டிச் சேர்க்கையைத் தள்ளிப்போடக் கூடாது. இது கல்வி உரிமைச் சட்டத்தில் இருக்கிறது.

இயலாமை 40 சதவீதமோ அதற்கு மேலோ என்றால் 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி உண்டு. பக்கத்துப் பள்ளியா, சிறப்புப் பள்ளியா என்பது உங்கள் விருப்பம். "ஸ்பெஷல் ஸ்கூல்ல சேர்த்தா குழந்தைக்கு நல்லதாச்சே" என்று அன்பாகத்தான் சொல்வார்கள். அன்பாகச் சொன்னாலும் அது சேர்க்க மறுப்பதுதான்.

சேர்த்துக்கொண்டால் மட்டும் போதாது. கட்டடம், கழிப்பறை, போக்குவரத்து, குழந்தைக்கு ஏற்ற தனி உதவி எல்லாமே மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 16ஆவது பிரிவில் வருகின்றன. அங்கீகாரம் பெற்ற தனியார் பள்ளிகளையும் அந்தப் பிரிவு விட்டுவைக்கவில்லை. பல நேரம் இதற்குப் பெரிய செலவும் ஆகாது. சக்கர நாற்காலியில் வரும் பிள்ளையின் வகுப்பு மாடியில் இருந்தால், அந்த வகுப்பையே கீழ்த்தளத்துக்கு மாற்றிவிட்டால் முடிந்தது.

நம் பிள்ளைகளுக்கு இன்னொரு சிக்கல், மொழி. மலையாளம் புதிது என்பதால் எழுத்தில் தடுமாறும் பிள்ளைக்குக் கற்றல் குறைபாடு என்று முத்திரை குத்திவிடுவார்கள். நிஜமாகவே கற்றல் குறைபாடு உள்ள பிள்ளையை, "மலையாளம் பழகினா சரியாயிடும்" என்று சொல்லி ஆண்டுக்கணக்கில் விட்டுவிடுவதும் நடக்கிறது. இரண்டாவதுதான் அதிகம் கெடுக்கிறது. குறைபாட்டைச் சீக்கிரம் கண்டுபிடிப்பதும் பள்ளியின் சட்டக் கடமைதான். பிள்ளை தமிழில் எப்படி வாசிக்கிறது, எழுதுகிறது என்பதையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். பழைய பள்ளியின் தமிழ் நோட்டுகளைத் தூக்கிப் போடாமல் கொண்டுவாருங்கள். அதைவிட நல்ல ஆதாரம் இல்லை. குறைபாடு உறுதியானால் தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதித்தர ஆள், இரண்டாம் மூன்றாம் மொழிப் பாடத்திலிருந்து விலக்கு ஆகியவற்றை அதே சட்டத்தின் 17ஆவது பிரிவு பேசுகிறது. இந்த விலக்கு பலருக்குத் தெரிவதே இல்லை. தமிழ் வழிப் பள்ளிகளும் சித்தூர் தாலுகாவில் உண்டு, விசாரியுங்கள்.

உங்கள் பகுதி பி.ஆர்.சி.யில் (வட்டார வள மையம்) சிறப்புக் கல்வியாளர்கள் இருப்பார்கள். பள்ளிக்கும் உங்களுக்கும் நடுவே பேச நல்ல ஆட்கள். அப்புறமும் அசையவில்லை என்றால் திருவனந்தபுரத்தில் உள்ள மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையருக்கு எழுதலாம். சட்டத்தை மீறினால் முதல் முறை 10,000 ரூபாய் வரை அபராதம். திரும்பவும் மீறினால் 50,000 முதல் 5 லட்சம் வரை.

எதைக் கேட்டாலும் எழுத்தில் கேளுங்கள். மனு தமிழிலோ ஆங்கிலத்திலோ இருக்கட்டும். நகலில் பள்ளி முத்திரையும் தேதியும் வாங்காமல் வெளியே வராதீர்கள்.